சிவப்புக் கொடிக்கு நின்ற பஸ்

எழுபதுகளில் நான் தினமும் போன கீழ்வேளூர் பஸ்ஸின் டிரைவருக்குச் சோழவரம் கார் பந்தயம் என்றால் உயிர். காதோரம் நரைத்த, ஒல்லியான மனிதர். பந்தய முடிவு வந்த பேப்பரைச் சீட்டுக்கடியில் மடித்து வைத்திருப்பார். வண்டி ஓடும்போது வாய் திறக்கமாட்டார். ஸ்டாப்பில் நின்றால்தான், திரும்பாமலே, பின்னால் இருக்கும், பந்தயம் பார்க்க சோழவரம் போய்வரும் என்னிடம் ஒரு கேள்வி. விசில் அடித்ததும் பேச்சு அறுந்துவிடும்.

"தகுதிச் சுத்துல முதல்ல வந்தவன், பந்தயத்துல எப்படி சார் நாலாவதா வந்தான்?"

மூன்று நாளாகியும் நான் பதிலைச் சொல்லி முடிக்கவில்லை.

நாலாம் நாள் காலை, அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு வந்த ஊர்வலத்தின் செங்கொடிகள் ரோட்டை அடைத்துவிட்டன.

"ஹாரன அடிச்சுகிட்டு போப்பா, ஒதுங்குவானுங்க" என்று கத்தினார் முன் சீட்டு மிராசுதார்.

டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"பந்தயத்துல சிவப்புக் கொடி காட்டினா எல்லா வண்டியும் நிக்கணுங்கய்யா."

பிறகு, முதல் தடவையாக, முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க சார், அவன் ஏன் தோத்தான்?"

கிளட்ச் தேய்ந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கடைசிக் கொடி கடந்துபோன பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை.

அன்று அவர் நின்றது கொடிக்காகவா, கதைக்காகவா என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.