பாரிஸுக்குப் போகாமல் திரும்பிய பயணம்

ஒஸ்லோவிலிருந்து சொந்தக் காரில் ஐரோப்பா சுற்றுவது பற்றி எழுதும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கடந்த ஜூலையில் நானும் மனைவி வசந்தியும் மகள் ஆரணியும் புறப்பட்டோம். கீல், ஹம்பேர்க், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் என்று பதினான்கு நாள் திட்டம். பாரிஸில் வசந்தியின் அக்கா இருக்கிறார். இருவரும் நேரில் பார்த்து ஒன்பது வருடம். அக்காவுக்கென்று ஒரு பெட்டி நிறையச் சாமான் கட்டியிருந்தாள்.

நான் அப்போது பேருந்து ஓட்டுநர். இந்த நகரத்தில் இருபத்தொரு வருடம் ஓட்டியிருக்கிறேன். அதனால் வழி, தூரம், ஓய்வு எடுக்கும் இடம் எல்லாவற்றையும் நானே திட்டமிட்டேன். அதோடு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒன்றை மறைத்தும் வைத்திருந்தேன். மே மாதம் கண் மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணழுத்த நோய் போலத் தெரிகிறது, பக்கப் பார்வையைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். முடிவு தெரியும்வரை வாகனம் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். ஜூன் கடைசியில் பரிசோதனைக்குத் தந்த திகதியை, விடுமுறையைக் காரணம் சொல்லி ஆகஸ்டுக்கு மாற்றினேன். அவரைப் பார்த்த மறுநாளே வழக்கம்போல வேலைக்கும் போயிருந்தேன்.

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு ட்வெய்ட்டாவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். துறைமுகம் இருபது நிமிடம்தான். ஜெர்மனியின் கீலுக்குப் போகும் கப்பல் இரண்டு மணிக்கு. கோடை விடுமுறையில் கார் வரிசை நீளம் என்பதால் பன்னிரண்டரைக்கு முன் போய்விடுங்கள். மூன்று பேருக்கும் காருக்கும் சன்னல் இல்லாத அறைக்குமாக, போக மட்டும் 6,900 குரோனர் கொடுத்தோம். சாப்பாடு தனி, நாங்கள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். மழை பெய்தது. கரையும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. மேல்தளத்தில் வசந்தி அக்காவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கீல். அங்கிருந்து ஹம்பேர்க் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். அங்கே இரண்டு இரவுகள். கால்வாய் ஓரத்துச் செங்கல் கட்டடங்களைப் பார்க்க ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அங்கும் மழை. குடையைப் பிடித்தபடி நடந்தபோது பக்கத்தில் வந்தவர்களை அடிக்கடி இடித்தேன். குடையைத்தான் குற்றம் சொன்னேன்.

ஹம்பேர்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாம் 465 கிலோமீற்றர். நெடுஞ்சாலையில் எங்கேயோ தடம் மாறும்போது பின்னாலிருந்து ஆரணி கத்தினாள்.

"அப்பா, வலப்பக்கம் லொறி!"

ஸ்டியரிங்கைத் திருப்பினேன். லொறிக்காரர் நெடுநேரம் ஹோர்ன் அடித்தார்.

"நித்திரை வருதே? நான் ஓடட்டோ?" என்று கேட்டாள். அவளுக்கு இருபது வயது. உரிமம் எடுத்து ஒரு வருடம்.

"இல்லையம்மா, கண்டனான்" என்றேன். நான் காணவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் நகரத்துக்கு வெளியே விடுதி எடுத்து, காரை அங்கே விட்டுவிட்டு டிராமில் போவதுதான் மலிவு, நிம்மதியும் கூட. முதல் நாள் மாலை அப்படித்தான் செய்தோம். இரண்டாம் நாள் புதன்கிழமை, காற்றாலைகள் பார்க்கக் காலை ஒன்பதரைக்குக் காரை எடுத்தோம். விடுதியிலிருந்து இரண்டாவது சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியைப் பார்த்தேன். தெரு வெறுமையாக இருந்தது. திரும்பினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. முதலில் வசந்திதான் "ஐயோ" என்றாள். முன்னால் பெட்டி பூட்டிய சைக்கிள் ஒன்று நடைபாதை விளிம்பில் சரிந்து கிடந்தது. பெட்டிக்குள் பட்டி போட்டிருந்த சிறு பிள்ளை வீரிட்டு அழுதது. அதன் தாய் எழும்பி, தன் முழங்கையிலிருந்து இரத்தம் வடிவதைக் கவனிக்காமல் பிள்ளையின் தலையையும் கைகளையும் தடவிப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அதன்பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்கவில்லையா நீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இல்லை" என்றேன். "மன்னியுங்கள். பார்க்கவில்லை."

ஆரணி தாதியர் படிப்புப் படிக்கிறாள். முதலுதவிப் பெட்டியை எடுத்துக் கட்டுப் போட்டாள். காப்புறுதித் தாளை நிரப்பினோம். அந்தப் பெண் எங்கள் காரின் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, வளைந்த சக்கரத்தை உருட்டியபடி பிள்ளையோடு நடந்து போனாள். ஆரணி என்னிடம் கையை நீட்டினாள். கார்த் திறப்பைக் கொடுத்தேன்.

விடுதியின் கார் தரிப்பிடத்தில் யாரும் இறங்கவில்லை.

"அப்பா, அந்த மனுசி கன நேரமா எங்களுக்குப் பக்கத்திலதான் வந்தவ. நான் பின்னாலயிருந்து கண்டனான். நீங்கள் எப்பிடிக் காணேல்லை?"

சொன்னேன். மே மாதத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

வசந்தி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டொக்டர் ஓட வேண்டாமெண்டு சொன்னவரோ?"

"ஓம்."

"அதுக்குப் பிறகும் பஸ் ஓடினனீங்களோ?"

"ஓம்."

"எங்களையும் ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்."

வேலை போய்விடும் என்ற பயம் என்றேன். உண்மைதான். ஆனால் அந்தக் காருக்குள் அது மிகச் சிறிய வார்த்தையாகக் கேட்டது.

பாரிஸுக்கு ரயிலில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மூன்றரை மணி நேரம்தான். ஆரணியும் அதைத்தான் சொன்னாள். "அக்காவுக்கு முன்னால போய்ச் சிரிச்சுக்கொண்டு இருக்க என்னால ஏலாது. வீட்டை போவம்" என்றாள் வசந்தி. அக்காவை அழைத்து, எனக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னாள். அக்கா சமைக்கச் சாமான் வாங்கிவிட்டதாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

கப்பல் திகதியை மாற்ற 1,200 குரோனர் கூடுதலாகப் போனது. கீல்வரை 560 கிலோமீற்றர். ஆரணி இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டினாள். இரவு பிறேமனில் தங்கினோம். நான் பின் இருக்கையில் இருந்தேன். ஒரு கண்ணை மூடி மற்றதால் நேரே பார்த்தேன். பக்கத்தில் வந்த கார்கள் இல்லாமல் போய், திடீரென்று முன்னால் முளைத்தன. பார்வை குறைந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அங்கே வெறும் தெரு இருப்பதுபோலவே தெரிகிறது.

வெள்ளிக்கிழமை கப்பல் ஏறி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒஸ்லோவில் இறங்கினோம். திங்கட்கிழமை கண் மருத்துவரை அழைத்தேன். வேறொருவர் வராமல் விட்ட நேரம் கிடைத்து அந்த வாரமே பரிசோதித்தார்கள். கண்ணழுத்த நோய்தான். இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது, வலப்பக்கம் கூடுதலாக. திரும்பி வராது. பேருந்து உரிமம், கார் உரிமம் இரண்டும் போயின.

நோயை மட்டும் சொல்லிவிட்டு வேலையிலிருந்து விலகியிருக்கலாம். ஆரணிதான், "எத்தினை நாள் ஓடினீங்கள் எண்டதையும் சொல்லுங்கோ அப்பா" என்றாள். வேலை அட்டவணையை எடுத்து எண்ணினேன். மருத்துவரைப் பார்த்த பிறகு முப்பத்தொரு நாள் ஓட்டியிருக்கிறேன். அதில் ஒன்பது நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும் காலை ஓட்டம். மேலாளரின் முன்னால் இருந்து அதைச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, என் அட்டவணையை வாங்கிப் பார்த்தார்.

ஒக்டோபரில் வசந்தி தனியே விமானத்தில் பாரிஸ் போய் ஐந்து நாள் நின்றுவிட்டு வந்தாள். வாங்கோ என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. இப்போது வீட்டில் சமைக்கிறோம், கதைக்கிறோம். ஆனால் எங்காவது வலிக்கிறதா, கடிதம் ஏதும் வந்ததா என்று அவள் கேட்டு, நான் இல்லை என்று சொன்னால், ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாள்.

காரில் போக நினைப்பவர்களுக்கு: கீல் கப்பலை மார்ச்சுக்கு முன் பதிவு செய்யுங்கள், திகதி மாற்றக்கூடிய சீட்டாக. ஒரு நாளில் நானூறு கிலோமீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். ஓட்டக்கூடிய இன்னொருவரைக் கூட்டிப்போங்கள். அவர் "நான் ஓடட்டோ" என்று கேட்டால், ஏன் கேட்கிறார் என்று ஒருமுறை யோசியுங்கள். நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தால் கண்ணைக் காட்டிவிட்டுப் பயணச்சீட்டு வாங்குங்கள். மருத்துவர் என்ன சொன்னாரோ, அதை அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.