இடப்பக்கம் காணாமல் போனது

அந்த முடிதிருத்தகத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, மற்றது அவர் மனைவியின் தம்பியுடையது. மைத்துனர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வெட்டுவார். அவரோ கத்தரியைக் கையில் எடுத்தால் பேச்சை மறந்துவிடுவார். மயிரிழை பிசகாத கை என்று பெயர்.

ஒரு நாள் தபால்காரர் முடி வெட்டிக்கொண்டு எழுந்தவர் கண்ணாடியைப் பார்த்துத் திகைத்தார். "என்னண்ணே, வலது பக்கம் மாப்பிள்ளை மாதிரி இருக்கு. இடது பக்கம் காட்டுல புடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கே!"

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். கண்ணாடியில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று வீட்டில், தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்க, கை கழுவ எழுந்தார்.

"ஏங்க, போதுமா?" என்றாள் மனைவி.

"காலியாயிடுச்சே."

அவள் தட்டை அரைவட்டம் சுற்றிவைத்தாள்.

"இது எப்ப வெச்ச?" என்று மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார்.

சில வாரங்களாகக் காலையில் எழும்போதே தலைவலி என்று அவர் முனகியதும், சட்டையில் இடது கையை நுழைக்காமலே கடைக்குக் கிளம்பியதும் அவளுக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன.

கண் மருத்துவர் கண்ணில் கோளாறில்லை என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தில், தலையின் வலப்புறம் எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளை உருண்டை. மூளை அறுவை மருத்துவரம்மா நிதானமாகச் சொன்னார்:

"உங்க கண்ணு பார்க்குதுங்க. ஆனா இடது பக்கத்தக் கவனிக்கிறது மூளையோட வலது பாதி. அதை இந்தக் கட்டி அழுத்துது. கட்டி மூளைக்குள்ள முளைக்கல. மூளையைப் போர்த்தியிருக்கிற உறைல முளைச்சிருக்கு."

"கேன்சரா?" மனைவிதான் கேட்டாள்.

"இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் கேன்சரா இருக்காது. எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆபரேஷன்ல ஆபத்தே இல்லன்னும் சொல்லமாட்டேன். இடது கை பலவீனமாகலாம், வலிப்பு வரலாம்."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டியைச் சுற்றியிருந்த மூளை வீக்கம் குறைய மாத்திரை கொடுத்தார்கள். சில நாளில் தலைவலி போனது. மாத்திரையால் பசியோ அகோரப் பசி. "குணமாயிடுச்சு, ஆபரேஷன் எதுக்கு?" என்றார். "வடிஞ்சது வீக்கம்தான். கட்டி அங்கேயேதான் இருக்கு" என்றார் மருத்துவர்.

அறுவைக்கு முன் தலையில் ஓர் இடத்தில் மட்டும் முடியை எடுத்தால் போதும் என்றார்கள். "அரைகுறையா வேண்டாம், மொத்தமா வழிச்சிடு மச்சான்" என்று கடை நாற்காலியில் உட்கார்ந்தார் அவர். அன்றைக்கு மைத்துனர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏன்டா, வாயையும் சேத்து வழிச்சிட்டியா?" என்று அவர்தான் பேச்சைத் தொடங்கவேண்டியிருந்தது.

மண்டையோட்டில் ஒரு துண்டைத் திறந்து, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்தத் துண்டையே திரும்பப் பொருத்தினார்கள். பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்த சிறு பகுதியை மட்டும் தொடாமல் விட்டார்கள். பரிசோதனையில் கேன்சர் இல்லை என்று வந்தது. மீதி வளர்ந்தால் கதிர்வீச்சு கொடுக்கலாம். அதுவரை ஸ்கேனில் கண்காணித்தால் போதும்.

இடது கை கொஞ்ச காலம் மரக்கட்டைபோலக் கனத்தது. மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுத்தவர் சொன்னபடி துணி உலர்த்தும் கிளிப்புகளைக் கொடியில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பல கீழே விழுந்தன. எரிச்சலில் ஒருமுறை கூடையையே எட்டி உதைத்தார். மனைவி பொறுக்கிவைத்துவிட்டு, "நாளைக்கு மாட்டலாம், இப்ப வாங்க" என்றாள்.

கடைக்குத் திரும்பியபோது சவரக் கத்தியை மைத்துனரிடமே விட்டார். இடது பக்கம் இப்போது விட்டுப்போகவில்லை, கத்தரி வேலையில்தான் முன்பிருந்த வேகம் வரவில்லை. வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் மீதிக் கட்டி வளரவில்லை.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார் பேருந்து நிறுத்தத்தில்.

வந்த பேருந்தில் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு மனைவி அசந்து தூங்கிப்போனாள்.