நான் பார்த்துச் சொன்ன ஆட்டம்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து, தாயில்லாமல் வந்து சேர்ந்தது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்தேன்; ஒன்றும் சோடை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது எதற்கென்றால், பின்னால் வரும் சங்கதியைப் படித்துவிட்டு இந்தக் கிழவிக்கு வேறு வேலை இல்லையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. மழையில் நனைந்த தோல் பந்தை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் ஒரு வாடை வரும், ஈர மாடும் பழைய செருப்பும் சேர்ந்த மாதிரி. அந்த வாடைதான் என் இளமைக்காலம்.

மற்றவர்கள் இளமைக்காலம் என்று ஏழு வயதை, எட்டு வயதை எழுதுகிறார்கள். என் ஏழு வயதில் ஜப்பான்காரன் சண்டை நடந்தது. என் இடுப்பில் எப்போதும் ஒரு தம்பி இருந்தான், அவன் இறங்கி நடக்கும் முன்பே அடுத்தவன் ஏறிக்கொண்டான், தம்பிகள் தீர்ந்ததும் என் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். விளையாட்டு என்பது எனக்கு ஐம்பத்தெட்டாம் வயதில்தான் வந்தது. இரண்டு மழைக்காலம் இருந்தது, போய்விட்டது. ஆனால் முழுசாக இருந்தது.

அப்போது நாங்கள் இதே பர்மாவில், இன்சீன் என்கிற ஊரில், ரயில்வே பட்டறைக்குப் பின்னால் குடியிருந்தோம். பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் காலமான பிறகு, மாதா கோயில் பங்குச்சாமிக்குச் சமையல் செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சாமி அயர்லாந்துக்காரர். வெள்ளைக்காரச் சாமி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும், எங்களையும் அந்த இங்கிலீஷ்காரன்தான் ஆண்டான் என்பார். வெளிநாட்டுச் சாமிமாரையெல்லாம் ஊருக்கு அனுப்பிவைத்த காலத்தில், சுதந்திரத்துக்கு முன்பே வந்தவர் என்று இவரை மட்டும் இருக்க விட்டார்கள். வந்தபோது வயது இருபத்து நாலு; வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று போகவே இல்லை. அவர் அம்மா இறந்த செய்தி, புதைத்து மூன்று மாதம் கழித்துத்தான் கடிதத்தில் வந்ததாம். நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் ஞானோபதேசப் புத்தகத்தில் படித்த தமிழ்; மீன் குழம்பில் உப்பில்லை என்பதையும் பிரசங்கம் மாதிரிதான் சொல்லுவார். நான் சொல்லுகிற வருடம் இரண்டு கண்ணிலும் திரை விழுந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டுமே அவருக்குத் தெரிந்தது.

சாமியின் தங்கைக்கு ஒரு பேரன், பெயர் கோனர். அயர்லாந்தில் கையாலும் காலாலும் ஆடுகிற ஒரு பந்தாட்டம் உண்டு, அதில் அவன் கெட்டிக்காரன். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டம் இருக்கிறது, அங்கே ஆடுகிறவனுக்குச் சம்பளமே கொடுப்பார்கள் என்று சாமி சொன்னார். மெல்பர்னிலிருந்து ஆள் வந்து, பத்தொன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தை உதைப்பது ஓர் உத்தியோகமா என்று நான் கேட்டதற்கு, மணி அடிப்பது உத்தியோகமாக இருக்கும்போது அது ஏன் இருக்கக் கூடாது என்று சாமி திருப்பிக் கேட்டார்.

அந்தப் பையன் ஒரு பந்தும், செய்தித்தாளில் வெட்டிய தன் கறுப்பு வெள்ளைப் படமும், ஒரு கடிதமும் அனுப்பியிருந்தான். என் மகள் ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர், இங்கிலீஷ் தெரிந்தவள். அவள்தான் வந்து வாசித்துத் தமிழில் சொன்னாள். இங்கே யாரோடும் ஒட்டவில்லை, அம்மா வந்துவிடு என்கிறாள், அப்பா இரு என்கிறார், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாமல் இருந்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்று எழுதியிருந்தான். அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பெரிய ஆட்டத்துக்குத் தன்னையும் எடுத்திருக்கிறார்கள் என்று கீழே ஒரு வரி.

சாமி அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

"ஆடும்போது அவன் முகத்தில் சந்தோஷம் இருக்கிறதா என்று அறியாமல் நான் எவ்வாறு பதில் எழுதுவேன், மரியம்மா?" என்றார்.

"நான் பாத்துச் சொல்றேன் சாமி" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த ஆட்டத்தில் தலை எது வால் எது என்று எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆகவே சாமி எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். பப்பாளிப் பழம் மாதிரி இரண்டு முனையும் கூர்ந்த பந்து அது, தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. மழை விட்ட நேரத்தில் கோயில் முற்றத்தில் சாமி நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்தை எறியக் கூடாது, மடக்கிய கையால் குத்தித்தான் கொடுக்க வேண்டும், பந்தோடு நெடுக ஓடினால் நடுநடுவே தரையில் தட்டிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, நான் என் "தமெயின்" லுங்கியை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு தட்டினேன், குத்தினேன், உதைத்தேன். இரண்டு முனைக்கும் நாலு நாலு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, அதை விட்டுப் பக்கத்துச் சந்தில் போனால் ஒரு புள்ளி. தப்பாக அடித்தவனுக்கும் கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிற ஆட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் உதைத்த முதல் பந்து கிணற்றில் விழுந்தது. இரண்டாவது, மாதா சிலை நிற்கும் கெபியின் பூச்சாடியைத் தட்டியது. மாதா ஒன்றும் சொல்லவில்லை, மாதா சபைப் பெண்கள்தான் சொன்னார்கள்.

"அக்காவுக்கு இந்த வயசுல கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றாள் அதில் ஒருத்தி.

"ஏழு பேர வளத்த காலுடி இது, பந்து எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கவே இன்னொன்று உதைத்தேன். அது நேராகப் போனது. அன்று இரவு முட்டி வீங்கிவிட்டது என்பதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

சந்தை முக்கில் டீக்கடை வைத்திருந்த கோ மியினின் கூரையில் ஒரு "சலாங்" இருந்தது. சலாங் என்றால் பர்மியத்தில் சட்டி மூடி. வானத்திலிருந்து டிவி படம் பிடிக்கிற தட்டுக்கும் அதுதான் பேர். ஆஸ்திரேலியாச் சேனல் அதில் வரும். கோ மியினின் அப்பா பர்மாக்காரர், அம்மா நம் ஆள், அவன் பிறந்தபோது வெந்நீர் வைத்தவள் நான். சனிக்கிழமை காலையில் சீனச் சண்டைப் படம் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள் என்று அவன் இழுத்தபோது, அந்த வெந்நீரை ஞாபகப்படுத்தினேன்.

குறித்த நாளில், கொட்டுகிற மழையில், சாமியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் டிவிக்கு முன்னால் உட்காரவைத்தேன். மின்சாரம் இல்லை, வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. டிவியில் இங்கிலீஷ்காரன் ஒருவன் மூச்சுவிடாமல் பேசினான், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திடலில் முப்பத்தாறு பேர். எல்லாருக்கும் கையில்லாச் சட்டை, எல்லாருக்கும் காலெல்லாம் சேறு. படத்தில் கோனருக்குப் பட்டை போட்ட சட்டை. திடலில் இரண்டு கூட்டத்துக்குமே பட்டை போட்ட சட்டை, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எது, சிவப்பு எது?

கம்பத்துக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர் நின்றார். டாக்டர் என்று நினைத்தேன். ஒருவன் மூக்கு உடைந்து அவர் காலடியிலேயே விழுந்தான். அவர் அவனைத் திரும்பியும் பார்க்காமல், புள்ளி விழுந்தது என்று இரண்டு கொடியை எடுத்து ஆட்டினார்.

"இது பந்தா, பஸ்ஸுக்கு ஏறுற கூட்டமா, அமே?" என்று கேட்டான் கோ மியின். அமே என்றால் அவர்கள் பேச்சில் அம்மா.

"டீயப் போடு" என்றேன்.

"மரியம்மா, கண்டாயா அவனை?" என்றார் சாமி.

அப்போதுதான் கண்டேன். சிவப்புப் பட்டைக்காரன் ஒருவன், பந்தை உதைக்கும் முன் நின்று, நெற்றியில் கை வைத்தான், நெஞ்சில் வைத்தான், இந்தத் தோளைத் தொட்டான், அந்தத் தோளைத் தொட்டான். அத்தனை பேரில் சிலுவை போட்டுக்கொண்டு உதைக்கிறவன் சாமி வீட்டுப் பிள்ளையாக இல்லாமல் வேறு யாராக இருப்பான்?

"கண்டேன் சாமி. சிலுவை போட்டுக்கிறான்."

சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வாயை மூடவில்லை. பந்து போன இடமெல்லாம் அவன் போனான், நானும் போனேன். கோனர் எம்பிப் பிடித்தான், கோனர் இரண்டு பேரைத் தள்ளிவிட்டான், கோனர் நடுக் கம்பத்துக்குள் உதைத்தான், வெள்ளைக் கோட்டுப் பெரியவர் கோனருக்காகக் கொடி ஆட்டினார். கடையில் இருந்தவர்கள் சீனப் படத்தை மறந்து என் வாயைப் பார்த்தார்கள். கோ மியின்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிவப்புக்குக் கை தட்டினான்.

"முகம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் சாமி.

"சிரிக்கிறான் சாமி. பல்லெல்லாம் தெரியுது."

சாமி அன்று மாலையே தட்டச்சு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கண் இல்லாமலே அவர் விரலுக்கு எழுத்து தெரியும். நான் பார்த்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, ஒன்று விடாமல் இங்கிலீஷில் அடித்தார். இரு என்றோ வா என்றோ எழுதினாரா என்று கேட்டேன். நீ கண்டதை மட்டும் எழுதினேன் என்றார்.

பதில் வர இரண்டரை மாதம் ஆனது. ஸ்டெல்லா பிரித்து மனசுக்குள் வாசித்தாள், பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற மகள் என்று பார்க்காமல் இரண்டு அதட்டல் போட்ட பிறகுதான் சொன்னாள். கோனர் அன்று ஆடவே இல்லையாம். மாற்றாளாக வைத்திருந்தார்களாம், கடைசி வரைக்கும் கூப்பிடாமல், மழையில் போர்வை போர்த்திக்கொண்டு ஓரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தானாம். அவன் கூட்டம் பச்சை. நான் வாய் ஓயாமல் புகழ்ந்த சிவப்புக்காரன்தான் அவர்களை அன்று தோற்கடித்தவன். அவனுக்கு ஒரு தோள் அடிக்கடி நழுவுமாம், அதனால் உதைக்கும் முன் தொட்டுப் பார்த்துக்கொள்வானாம். நெற்றியில் வழித்தது மழைத் தண்ணீர். கோயில் வாசலை மிதித்தே அறியாதவனாம்.

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஏழு பேரை வளர்த்தவள், ஒரு பிள்ளையை அடையாளம் காணத் தெரியவில்லை.

ஸ்டெல்லா விடாமல் மிச்சத்தையும் வாசித்தாள். அந்தக் கடிதத்தைத் தன்னோடு ஆடுகிறவர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டினானாம், எல்லாரும் தரையில் உருண்டார்களாம், ஊரைவிட்டு வந்த பிறகு அன்றுதான் அவர்களோடு சேர்ந்து சிரித்தானாம். அந்தச் சிவப்புக்காரனே தேடி வந்து கை கொடுத்து, பர்மாவில் தனக்காக ஒரு அம்மா சிலுவை போட்டதற்கு நன்றி சொல்லச் சொன்னானாம். "இந்த வருடம் ஊருக்குப் போகவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கும்போது, ஒரு தரமாவது நான் நிஜமாக ஆட வேண்டாமா?" என்று முடித்திருந்தான்.

ஸ்டெல்லா போன பிறகு சாமியிடம் கேட்டேன். "டிவில அந்த ஆள் இங்கிலீஷ்ல பேர் பேராச் சொன்னானே சாமி. உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

"கேட்டது. கோனர் என்னும் பெயரை அவர் ஒரு முறையும் சொல்லவில்லை, மரியம்மா. உன் வாயில்தான் கேட்டேன்."

"அப்புறம் ஏன் அதெல்லாம் எழுதுனீங்க?"

சாமி பந்தை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "நீ உதைத்தது நடுக் கம்பத்துக்குள் போகவில்லைதான். ஆனால் அதற்கும் ஒரு புள்ளி உண்டு அல்லவா?" என்றார்.

அடுத்த வருட மழையில் சனிக்கிழமை தவறாமல் டீக்கடைக்குப் போனோம். ஆகஸ்டில் ஒரு நாள் டிவிக்காரன் அந்தப் பெயரைச் சொன்னான். இந்தத் தடவை எனக்கே கேட்டது. சாமியின் விரல் என் கையில் நகம் பதிய இறுக்கியது. பச்சைப் பட்டை போட்ட, நெட்டைக்கால் செம்பட்டைத் தலைப் பையன் ஒருவன் பந்தை வாங்கினான், ஓடினான், ஒரு தரம் தரையில் தட்டினான், இரண்டு பேரைத் தாண்டினான், கம்பத்தைப் பார்த்துக் காலைத் தூக்கினான். ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

"என்ன ஆயிற்று?" என்றார் சாமி.

"ஆறு, சாமி" என்றேன். கோ மியின் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கை தட்டினான், கடையே கை தட்டியது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பே சாமி காலமாகிவிட்டார். கோனர் இன்னும் சில வருடம் அங்கே ஆடிவிட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டதாக எழுதினான். அந்த உதை எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்போது தாமுவேயில் ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறேன். போன மாதம் சுற்று ரயிலில் இன்சீனுக்குப் போனேன். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள்; சலாங் இப்போது எந்த வீட்டுக் கூரையிலும் இருக்கிறது, அதனால் யாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. கோயில் முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். பந்து என்னிடம்தான், காற்றுப் போய் ஆணியில் தொங்குகிறது. மழை நாளில் மட்டும் அந்த வாடை வரும். ஸ்டெல்லாவின் மகள் சூ சூ, அந்த ஆட்டத்தில் ஆறா ஒன்றா என்று கம்ப்யூட்டர் கடையில் தேடிப் பார்க்கலாம் என்கிறாள். தேடினால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் கண்ணிலும் அதே திரை விழுந்துவிட்டது. இவ்வளவையும் பெரிய பெரிய எழுத்தாக, வரி மேலே கீழே போக, தடவித் தடவித்தான் எழுதினேன். எழுதியதை என்னால் படிக்க முடியவில்லை. சூ சூவுக்கு வாயில் வருவது பர்மியம், தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் படித்தது, பாதி எழுத்தில் தடுக்கி விழுவாள். பரவாயில்லை. வா பிள்ளை, பக்கத்தில் உட்கார், முதலிலிருந்து வாசி. தெரியாத இடத்தில் நிற்காதே, உனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொண்டு போ. நான் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.