நூறு டன்னில் பதினேழு கல்

எங்கள் கிரானைட் குவாரி முதலாளியின் மேசைக்கு ஒருநாள் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே, பஞ்சின் மேல், பட்டாணி அளவில் பட்டை தீட்டாத வைரம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கொல்லையில் கிடைத்ததாகச் சொல்லி அதைக் கொண்டுவந்த வைரக் கம்பெனிக்காரர்கள், பணம் போட்டால் சுரங்கத்தில் பாதிப் பங்கு தருகிறோம் என்றார்கள். அங்கே சுரங்கம் எதுவும் இல்லை, நாலைந்து குழிகள்தான். ஆனாலும் முதலாளி குவாரியையே அடமானம் வைக்கத் துணிந்துவிட்டார். மேனேஜரான நானும் என் சேமிப்பைப் போடுவதாக இருந்தேன். கடன் கொடுக்கும் வங்கி கேட்டதால்தான் நிலவியல் படித்த ஒருவரை வரவழைத்தோம்.

வந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். மேடம் என்றே அழைத்தோம். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். பிறகு கம்பெனிக்காரர்களிடம், "எத்தனை டன் பாறையை உடைச்சப்ப இது கெடைச்சதுங்க?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒரு டன்னில் எவ்வளவு வைரம், பாறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, கல் என்ன விலைக்குப் போகும், இந்த மூன்றும் தெரியாமல் மதிப்புச் சொல்ல முடியாது என்றார். அவர்கள் காட்டிய இடங்களை ஒதுக்கிவிட்டு, தானே சம இடைவெளியில் அளந்து முளையடித்தார். நூறு டன் தோண்ட வைத்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் தன் கையாலேயே முத்திரை வைத்தார்.

உடைத்துக் கழுவிச் சலித்ததில் பதினேழு கற்கள் வந்தன. பெரியதே கடுகளவுதான். கழுவிய கூலிக்குக்கூட அது காணாது.

"கழுவுறப்ப தவறிப் போயிருக்கும்ங்க மேடம்," என்றார் முதலாளி.

"யார்கிட்டயும் சொல்லாம மூட்டைங்கள்ல வைரம் மாதிரியே கனமான, சாயம் போட்ட சின்ன மணி பத்து கலந்திருந்தேன் சார். பத்தும் திரும்பி வந்துருச்சு."

நாங்கள் விட்டால் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள பெங்களூர் பார்ட்டி ஒன்று வேறு காத்திருந்தது. எப்படியாவது பேசி எண்ணிக்கையைக் கூட்டி எழுத வை என்று முதலாளி என்னை அனுப்பினார். போய்க் கேட்டேன். இன்றும் சொல்லக் கூசுகிறது. மேடம் கோபப்படவில்லை. "அண்ணா, பதினேழை எழுபதுன்னு நான் எழுதிட்டா, நீங்க உங்க சேமிப்பைப் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன்.

இப்போதைக்கு இந்த இடத்தில் தொடர்ந்து தேடிப் பார்க்கும் உரிமைக்கு மட்டுமே மதிப்பு உண்டு, அதுவும் சிறு தொகைதான் என்று அறிக்கை கொடுத்தார். வங்கி கடனை மறுத்தது. முதலாளி ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெங்களூர்க்காரர்கள் அதை வாங்கி, இரண்டு வருடம் தோண்டிவிட்டு, போன மாதம் கைவிட்டார்கள். எங்கள் குவாரி இன்னும் ஓடுகிறது. மேடம் சொன்னதுதான் சரி என்று முதலாளி இப்போது எல்லோரிடமும் சொல்கிறார். சந்தோஷப்படுவார் என்று நினைத்து மேடத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"பாவம் அண்ணா, அவங்களுக்கு எவ்வளவு நஷ்டமோ," என்றார். "நான் சொன்னது சரின்னு இப்பவும் சொல்ல மாட்டேன். இன்னும் ஆழத்துல நல்ல பாறை இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது அந்த நூறு டன் மட்டும்தான்."