மணல் மூட்டை அத்தான்

பட்டறைத் தெருவில் அவரை நூல்காரர் என்றால்தான் தெரியும். காரின் இருபுறமும் நூல் கட்டி, அதிலிருந்து சக்கர விளிம்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, சக்கரங்களை நேராக்குவது அவர் வேலை.

அவருடைய அக்கா கணவரிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. தரையோடு தரையாக ஓடும் வண்டி. ஓட்டுபவர் ஏறினாலே அந்தப் பக்கம் இறங்கிவிடும். அதனால் ஸ்பிரிங் உயரம் வைக்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிவைப்பார்கள். எண்பத்து நான்கு கிலோ. வண்டி வாங்கிய புதிதில் அத்தானைத் தராசில் நிறுத்திக் கட்டியவை. பட்டறையில் மூட்டைகளுக்கும் அத்தான் என்றே பெயர்.

"என்னைவிட இவன் ஒழுங்கு, மாப்ளே. வச்ச இடத்துல உட்காந்திருக்கான்" என்று அவரே அவற்றைத் தட்டிக்கொடுப்பார்.

அந்த ஆண்டும் நூல்காரர் மூட்டைகளை ஏற்றி, உயரம் சமமாக்கி, நூல் கட்டிச் சரிபார்த்துக் கொடுத்தார். சில நாளில் அத்தான் திரும்பி வந்தார். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதாம். நூல்காரர் மறுபடி அளந்தார். மயிரிழை பிசகில்லை. டயர் காற்று, ஸ்டீயரிங் மூட்டுகள் எல்லாம் பார்த்து அனுப்பினார். மறுவாரமும் அதே புகார். இம்முறை அத்தான் கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் உறுத்தியது.

நூல்காரர் ரோஷத்தோடு மூட்டைகளை இறக்கினார். "நீங்களே ஏறி உட்காருங்க அத்தான். தப்பு யார் மேலன்னு பாத்துடலாம்."

அத்தான் தயங்கி, ஸ்வெட்டரோடு ஏறினார். நூல்காரர் குனிந்து அளந்தார். ஓட்டுநர் பக்கம் ஓர் அரிசி நீளம் உயர்ந்தே நின்றது. ஸ்பிரிங் சிக்கியிருக்குமோ என்று வண்டியை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான், அத்தானின் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி கண்ணில் பட்டது. வாரம் தவறாமல் பார்த்த ஆள்தான்.

"எத்தனை மாசமா?"

"அக்காகிட்ட சொல்லாத. நானே இன்னும் முழுசா நம்பல."

நூல்காரர் புதிய எடைக்கு ஸ்பிரிங்கை இறக்க ஸ்பேனரை எடுத்தார். அத்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "திருப்பாத மாப்ளே. பழைய எடைக்கே இருக்கட்டும். தேறி வந்துடுவேன்."

ஸ்பேனர் பெட்டிக்குத் திரும்பியது. ஒரு சிறிய மூட்டையில், அத்தானிடம் குறைந்துபோன எடைக்கு மணல் நிரப்பி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கட்டினார். வண்டி நேராக ஓடியது. "சின்ன அத்தான் துணைக்கு இருக்கான்" என்று சிரித்தபடி போனார் அத்தான். அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் மணல் கூட்ட வேண்டியிருந்தது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நாள் அதிகமில்லை.

"உன் கைக்குத் தெரிஞ்சதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று, மணல் கூட்டிய விவரம் தெரிந்ததும் கேட்டாள்.

காரியங்கள் முடிந்து, பட்டறையில் நின்ற வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா துணியால் துடைக்கத் தொடங்கினாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிட்டு நிக்குதே. சரி பண்ணலையா?"

"ஆள் உட்காந்தா சரியாயிடும்க்கா."

சொன்ன பிறகே நூல்காரருக்கு உறைத்தது. அக்கா துணியை மடித்து வைத்தாள். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டி கொஞ்சம் இறங்கியது. சமத்துக்கு வரவில்லை.