பாலத்தில் மாற்றும் செருப்பு

சின்னப் பாலம் வந்ததும் அத்தை நின்றுவிடுவார். பையிலிருந்து நல்ல செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, தேய்ந்ததை உதறி உள்ளே போடுவார். "டவுனுக்குள்ள நுழையிறோம்ல?" நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன்.

அப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், முழங்கால் சேறு. காலைக் கழுவித்தான் செருப்பு மாட்டுவார். இப்போது தார்ச்சாலை. ஊரே மாநகராட்சியின் ஒரு வார்டு. ஆனாலும் அத்தை, பாலத்தை ஒட்டி வந்திருக்கும் வங்கியின் காவலாளி பார்க்கப் பார்க்கச் செருப்பு மாற்றுகிறார்.

வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறார். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு கடைக்குத் துணி கொடுக்கப் போய்விடுவார். சொன்னால், "இருக்கட்டும், பொன்னாடைனு நினைச்சுக்கட்டும்" என்பார். பொத்தானுக்குத் துளை வெட்டும்போது மட்டும் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். விண்ணப்பங்களில் ஊர் என்ற இடத்தில் நகரத்தின் பெயரை எழுதுகிறேன். பொய்யில்லை. பிறகு ஏன் கை ஒரு கணம் நிற்கிறது? அத்தையிடம் கேட்டேன். "எதை எழுதினா வேலை கிடைக்குமோ அதை எழுதுடி. ஊர் எங்க ஓடிடப் போகுது?"

நகரத்தோடு சேரலாமா என்று கூட்டம் போட்டபோது, வேண்டாம் என்று கை தூக்கியவர் அவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர், "வீட்டுக்கு வீடு குழாய் வரும்க்கா" என்றார். "வரட்டும் தம்பி. வந்தா முதல் குடத்தை நானே சுமந்து வந்து உன் கடையில ஊத்துறேன்" என்று அத்தை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

குழாய் வந்தது. "பரவால்ல, நல்லாத்தான் வருது" என்று அத்தையும் அதில்தான் பாத்திரம் தேய்க்கிறார். குடம் மட்டும் போகவில்லை. "ஊத்திட்டா ஊர் முடிஞ்சுபோச்சுனு ஆயிடும்டி."

"என்னக்கா, என் குடம் இன்னும் நிறையலையா?"

"உன் டீயில பால் சேர்ற வேகத்துலதான் தம்பி நிறையுது."

போன வாரம் சாலையைத் தோண்டியதில் கடையின் குழாய் உடைந்துவிட்டது. "கேன் தண்ணி இருக்கு. ஆனா இன்னைக்கு அக்கா குடத்துலதான் டீ" என்று கடைக்காரர் ஆள் அனுப்பினார். அத்தை குழாயைத் திறந்தார். பிறகு குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினார். பையோடு நான் பின்னால் போனேன்.

"வந்துட்டாங்கப்பா!" கடையே வாசலுக்கு வந்துவிட்டது.

பாலத்தில் அத்தை வழக்கம்போல் நின்றார். குடத்தை இறக்கினார். சேலையைச் சற்றுத் தூக்கி, சேறே ஒட்டாத கால்களில் கடைசிச் சொட்டு வரை ஊற்றி, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நல்ல செருப்பை மாட்டினார். குடத்தைப் பாலத்துச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு, கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, டீக்குக் கையை நீட்டினார்.