பாயிண்ட் டூ டூவுக்கு ஒரு வேர்க்கடலை வயல்

எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்தால் முதலில் வருவது பாச்சை உருண்டை வாசனை. அதற்குப் பின்னால், பெரியம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து, தையல் மெஷின் எண்ணெயின் வாசனை மெல்லத் தலை நீட்டும். அது துப்பாக்கியின் வாசனை. தாம்பரத்தில் மற்றவர்கள் பீரோவில் நகை இருந்தது, மனைப் பத்திரம் இருந்தது. எங்கள் பீரோவில், குளிப்பாட்டிப் படுக்கவைத்த குழந்தையைப் போல, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பாயிண்ட் டூ டூ இருந்தது.

நான் வளர்ந்தது பெரியப்பா வீட்டில். அப்பாவுக்கு வடக்கே ஊர் ஊராக மாற்றலாகும் வேலை. அம்மாவும் கூடப் போனாள். தவழும் வயதில் என்னைக் கொண்டுவந்து, பிள்ளையில்லாத அந்த வீட்டின் மொசைக் தரையில் விட்டார்கள். பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எறும்பை மிதித்துவிட்டால் குனிந்து பார்த்து வருத்தப்படும் ஆள். அவர் வேட்டைக்காரர் என்றால் எங்கள் தெருவே சிரிக்கும். அதனால் அதை அவர் தெருவில் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் சொல்வார், ஞாயிற்றுக்கிழமைதோறும், நாளிதழைத் தரையில் விரித்து அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே.

சின்னத் துப்பாக்கிதான் துப்பாக்கி என்பது அவர் கட்சி. பெரியதெல்லாம் ராஜாக்கள் புகைப்படத்துக்காக வைத்துக்கொண்டது. அது தோளை உதைக்கும், காதை அடைக்கும், முயலைச் சுட்டால் முயலின் காது மட்டும் மிஞ்சும். இது அப்படியில்லை. காய்ந்த சுள்ளி முறிகிற அளவுக்குத்தான் சத்தம். அடுத்த புதரில் இருக்கிற கவுதாரிக்குக்கூடத் தூக்கம் கலையாது. தோளில் வைத்தால் பூனைக்குட்டி சாய்ந்துகொண்ட மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த போல்ட். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு கைப்பிடி. தூக்கு, இழு, தள்ளு, சாத்து. ஒவ்வொரு தோட்டாவுக்கும் இந்த நான்கையும் செய்தாக வேண்டும்.

"அஞ்சு குண்டு இருந்தாலும் ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல மனுஷன் ஒரு தடவை யோசிச்சே ஆகணும்டா. அதுக்குத்தான் இதக் கண்டுபிடிச்சான்" என்பார். பிறகு என்னை இழுக்கச் சொல்வார். இழுப்பேன். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வரும் அந்த இரும்பின் சத்தம் இருக்கிறதே, மழைக்கு முந்திய காற்றில் ஒரு ஜன்னல் தானே திறந்து தானே சாத்திக்கொள்வது போல. ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று உடம்பு நம்பிவிடும். எதுவும் நடக்காது. நடக்காததுதான் அந்தச் சத்தத்தின் ருசி.

உள்ளே ஓர் ஊசி இருக்குமாம். விசையை அழுத்தினால் அது ஓடிப்போய்த் தோட்டாவின் விளிம்பில் குத்துமாம். அந்தக் குத்து இல்லையென்றால் துப்பாக்கி வெறும் குழாய். "எங்க, காட்டுங்க" என்பேன். "உள்ள கிடக்கு, விடு" என்று துணியைப் பிழிவார்.

அவருடைய அப்பா காலத்தில் வண்டலூருக்கு அப்பால் முள்காட்டில் முயலும் கவுதாரியும் இருந்தன. பெரியப்பாவும் சிறுவயதில் கூடப் போயிருக்கிறார். பிறகு வேட்டைக்குத் தடை வந்தது, காட்டுக்குக் கல்லூரி வந்தது, முயலுக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கி மட்டும் தங்கிவிட்டது. ஆசை போகவில்லை என்பதால் பெரியப்பா குடையோடு வேட்டைக்குப் போவார். ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்கு விடுவார். சதுப்பு நிலத்தின் ஓரம், குப்பை வாசனைக்கும் கோரைப்புல்லுக்கும் நடுவே நின்று, மடக்கிய குடையைத் தோளில் சாய்த்து ஒரு கண்ணை மூடுவார். குடையில் இல்லாத போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, சாத்துவார். "டப்" என்பார், வாய்க்குள்ளேயே. நாமக்கோழி நீந்திக்கொண்டே இருக்கும். "விழுந்துடுச்சு" என்பார் திருப்தியாக. ஒரு தடவை காமிராவோடு பறவை பார்க்க வந்த இளைஞன் எங்களையே நெடுநேரம் பார்த்துவிட்டு, "சார், மழை வராது சார்" என்றான். "தெரியும் தம்பி" என்று இன்னொரு கோழியைச் சுட்டார் பெரியப்பா.

தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் துக்கம். உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். போர்வையில் சுற்றி, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதைப் போலக் கொண்டுபோய் விட்டுவருவார். வாக்கு எண்ணி முடியும்வரை சோறு இறங்காது. யார் ஜெயித்தாலும் சரி, சீக்கிரம் ஜெயிக்க வேண்டும் அவருக்கு. பெரியம்மாவோ அந்த நாட்களில் பீரோவின் காலியான இடத்தில் வடாம் டப்பாவை வைத்துவிடுவாள்.

பெரியம்மாவின் ராஜ்ஜியம் தையல் டப்பா. பிஸ்கட் தீர்ந்த தகர டப்பாவில் நூல்கண்டு, பித்தான், ஊக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் நாடாக் கம்பி. மற்ற வீடுகளில் பாவாடைக்கு நாடா கோர்க்க ஊக்கைப் பயன்படுத்துவார்கள். அது பாதி வழியில் திறந்துகொண்டு விரலைக் குத்தும். எங்கள் வீட்டுக் கம்பி அருமையான கம்பி. விரல் நீளம், கனமான எஃகு, மழுங்கிய மூக்கு, நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் நாடாவைக் கட்டி நெஃபாவுக்குள், அந்த இடுப்பு மடிப்புக்குள், விட்டால் தண்ணீர்ப் பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு மறுபக்கம் தலை காட்டும். தெருப் பெண்கள் கேட்டு வருவார்கள். சர்க்கரை கொடுப்பாள், சிலிண்டர்கூடக் கொடுப்பாள் பெரியம்மா. அந்தக் கம்பியை மட்டும் வாசல் தாண்ட விடமாட்டாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது உரிமம் புதுப்பிப்பதில் சிக்கல் வந்தது. தாத்தா காலத்து உரிமத்தில் காரணம், பன்றித் தொல்லையிலிருந்து பயிர்ப் பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் பழைய காரணத்தையே எழுதிக் கொடுப்பார்கள், முத்திரை விழும். இந்த முறை ஒரு புதிய அதிகாரி, "என்ன பயிர்?" என்று கேட்டுவிட்டார். இடத்தைப் பார்க்க ஆள் வரும். பயிர் இல்லையென்றால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும், இந்த முறை திரும்பி வராது.

தாத்தாவின் நிலத்தில் மிஞ்சியது ஊரப்பாக்கத்தில் ஒரே ஒரு மனை. நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல், நடுவில் வேலிக்காத்தான். அன்று சாயந்தரம் பெரியப்பா மூன்று படி விதை வேர்க்கடலையோடு வீட்டுக்கு வந்தார். பன்றிக்கு அதுதான் ரொம்பப் பிடிக்குமாம்.

அதன்பின் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் போயின. நாங்கள் வேலிக்காத்தானை வெட்டினோம், கொத்தினோம், விதைத்தோம், பக்கத்து வீட்டுக் குழாயில் கெஞ்சித் தண்ணீர் பிடித்தோம். சுற்றிலும் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருந்த அக்கா மண்வெட்டியும் பேன்ட்டுமாக நின்ற பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, "அல்லாரும் கிரவுண்டு வாங்கி வூடு கட்டிகினு கீறாங்க. நீ இன்னா சார், இந்த வயசுல கடலை போட்டுகினு கீற?" என்று கேட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியப்பாவுக்குக் காது சிவந்தது. எனக்கு ஏன் என்று தெரியவில்லை.

கடலை நன்றாகவே வந்தது. மஞ்சளாகப் பூத்து, விழுது இறங்க ஆரம்பித்தது. பன்றிதான் வரவில்லை. அந்த ஊரில் சாக்கடைக்குச் சாக்கடை பன்றி. எங்கள் மனையை மட்டும் அவை கோயில் மாதிரி சுற்றிக்கொண்டு போயின. பெரியப்பா கல்யாண மண்டபத்திலிருந்து மிச்சச் சோறு வாங்கிவந்து வரப்பில் வைத்துப் பார்த்தார். காக்காய் சாப்பிட்டது. "உங்கூர்ப் பன்னிங்க ஏம்மா இப்படி?" என்று டீக்கடை அக்காவிடம் மனம் விட்டுப் புலம்பினார். "எப்போ வேணும் சொல்லு சார்" என்றாள் அவள், டீயை ஆற்றிக்கொண்டே. பெரியப்பாவும் அதிகாரி வரப்போகும் நாளைச் சொல்லிவைத்தார்; அவள் கேட்டதைப் பேச்சுக்கு என்றே நாங்கள் நினைத்தோம்.

சப்-இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்ன காலையில் பெரியப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பீரோவுக்குப் போகாமல், தையல் டப்பாவிடம் போனார். மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறையிலிருந்து பெரியம்மா, "வேணாம். இருக்கறபடியே இருக்கட்டும்" என்றாள். அவர் மூடியைச் சாத்தினார். பித்தான் ஏதாவது அறுந்துவிட்டதோ என்று அவர் சட்டையைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

ஊரப்பாக்கம் மனைக்கு சப்-இன்ஸ்பெக்டர் பைக்கில் வந்து இறங்கினார். மீசை பெரிது, ஆள் ஒல்லி. வேர்க்கடலையைப் பார்த்தார். நான்கு கல்லையும் பார்த்தார். "வயல் எங்க சார்?" என்றார்.

"இதான் சார்."

"பன்னித் தொல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஒரு செடிகூட அசையலியே."

பெரியப்பா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் புழுதி கிளம்பியது. முன்னால் ஒரு தாய்ப்பன்றி, பின்னால் உருண்டு உருண்டு குட்டிகள், அவற்றுக்கும் பின்னால் கையில் தென்னமட்டையோடு டீக்கடை அக்கா. மூச்சு வாங்க வந்து நின்று, "சார், நீ கேட்ட பன்னி. அல்லாத்தையும் ஒண்ணு சேத்து ஓட்டிகினு வர்றதுக்குள்ள பேஜாராப் பூட்ச்சு" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

பன்றிகள் மட்டும் யாரையும் பார்க்காமல் கடலைக்குள் இறங்கின. குட்டி ஒன்று விழுதோடு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து தின்றது. நான் கல்லை எடுத்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், சின்னதுடா. சாப்பிடட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "கைல கல்லு இருந்தே அடிக்க மாட்டேன்றீங்க. துப்பாக்கி இருந்தா மட்டும் இன்னா சார் பண்ணுவீங்க?"

 வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். ரயிலில் பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வண்டலூர், பெருங்களத்தூர் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. அவர் வலதுகை மடியில் கிடந்தபடி தூக்கியது, இழுத்தது, தள்ளியது, சாத்தியது. தேர்தலுக்கு அனுப்புகிற முகம் அல்ல அது. தகனத்துக்கு அனுப்புகிற முகம்.

வீட்டில் பெரியம்மா கேசரி கிளறி வைத்திருந்தாள். எனக்கு வெட்கமும் பயமும்; கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. துவைப்பில் நாடா உருவிவந்த என் பச்சைப் பாவாடையை எடுத்துக்கொண்டு, தையல் டப்பாவோடு கூடத்து மூலையில் உட்கார்ந்தேன். பெரியப்பா வேட்டியைப் பிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் எண்ணைச் சரிபார்த்தார், குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், போல்ட்டை உருவி வெளியே எடுத்தார். அதைத் திருப்பினார். வெளிச்சத்தில் காட்டினார். சுண்டுவிரல் நகத்தால் எதையோ தேடினார்.

"சார், இதுல ஊசி..." என்று நிறுத்தினார். "எவ்ளோ நாளா இப்டி?"

பெரியப்பா என்னைக் காட்டினார். "இவ தவழ ஆரம்பிச்சதுலேர்ந்து சார்."

"கொழந்தை இருக்கற வீடு" என்றாள் பெரியம்மா, கேசரித் தட்டை வைத்தபடி.

 நான் அதைத் தொட்டதே அவர் சொன்னபோதுதான். துப்பாக்கியில் ஏதோ கோளாறு, பழி என் தலையில். அதுவும் போலீஸிடம். கண்ணில் நீர் முட்ட நாடாவைக் கம்பியின் பள்ளத்தில் இறுக்கிக் கட்டி, நெஃபாவுக்குள் செலுத்தினேன்.

"வெடிக்காத துப்பாக்கி. மனைக்கட்டுல பயிரு. மட்டையால ஓட்டிகினு வந்த பன்னி" என்று விரல் மடக்கினார் சப்-இன்ஸ்பெக்டர். "நான் இன்னா சார் எழுதட்டும்? இத குடுத்துடுங்களேன். எதுக்கு இது உங்களுக்கு?"

பெரியப்பாவுக்கு எங்கள் வீட்டில் சொல்லுகிற காரணங்கள் எல்லாம் இருந்தன: சுள்ளிச் சத்தம், பூனைக்குட்டி, கவுதாரியின் தூக்கம். ஒன்றையும் சொல்லவில்லை. போல்ட்டை வாங்கி, அதன் இடத்தில் செருகி, துப்பாக்கியை அப்படியே அவர் கையில் கொடுத்தார். "ஒரு தடவை இழுத்துப் பாருங்க சார்."

அவர் இழுத்தார், கடமைக்கு. தள்ளிச் சாத்தினார்.  பிறகு மறுபடி தூக்கினார், இழுத்தார், தள்ளினார், சாத்தினார், இந்த முறை மெதுவாக, காதைக் கொடுத்து. "ஸ்கூல்ல என்.சி.சி.ல மொத மொத கைல குடுத்தது இதான் சார்" என்றார் யாரிடமோ. "தரைல படுக்க வெச்சு. மண்ணு வாசனையும் எண்ண வாசனையும். எனக்கு குறி சுத்தமா வராது. ஆனா இத இழுக்கறதுக்குன்னே க்யூல நிப்பேன்." திரும்பவும் இழுத்தார். கேசரி ஆறியது. இரண்டு பெரிய மனிதர்கள் எங்கள் கூடத்தில் மாற்றி மாற்றி ஒரு தாழ்ப்பாளைத் திறந்து சாத்திக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா கதவோரம் நின்று, பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "பயிர் உள்ளது. பன்றிகளை நேரில் கண்டேன். துப்பாக்கி சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது." நிமிர்ந்தார். "எதுனா பொய் கீதா சார்?"

"இல்ல சார்" என்றார் பெரியப்பா. 

கிளம்ப எழுந்தவர் என் பக்கம் வந்து நின்றார். அந்த நேரம் கம்பி பாவாடையைச் சுற்றிவந்து மறுவாயில் தன் எஃகு மூக்கை நீட்டியது. நான் அதைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். மீசை நடுங்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சிரிக்கிற போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை.

"பாப்பா, அந்தக் கம்பிய தொலைச்சிடாத, இன்னா" என்றார்.

பாவாடை நாடாவில் காவல்துறைக்கு என்ன அக்கறை என்று விளங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாடாவின் இரண்டு முனையையும் சமமாக்கி, முடிச்சுப் போட்டு, கம்பியைத் துடைத்து டப்பாவின் அடியில் வைத்து மூடினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா நாளிதழை விரித்து, எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்து, "வாடா, இழு" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. தன் துப்பாக்கி கெட்டதற்கு என்னைக் காட்டிக்கொடுத்த மனிதர். கதவுக்குப் பின்னால் நின்று, அவர் தனியாக இழுத்துச் சாத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.